அகத்தியர் மலையிலிருந்து போன மஞ்சள் செருப்பு

மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு மலையூர் மலர்க் கண்காட்சிக்குப் போயிருந்தேன். பார்த்துட்டு வெளியே வந்தா, ரோட்டோரமா ஒருத்தர் பழைய செய்தித்தாளில் சுருட்டின செடிகளை விரிச்சு வச்சு வித்துக்கிட்டிருந்தார். மண் இல்லை, தொட்டி இல்லை, வேர் வெளியே நீட்டிக்கிட்டிருந்தது. ஒரே ஒரு செடியில் மட்டும் பூ. அந்தப் பூவின் கீழிதழ் ஒரு சின்னப் பை மாதிரி தொங்கியது. "ஸ்லிப்பர் ஆர்க்கிட் சார், காட்டுல இருந்து வந்தது, ஒரிஜினல்" என்றார். அந்த "ஒரிஜினல்" என்ற வார்த்தையில் விழுந்தேன். முந்நூற்றைம்பது ரூபாய் கொடுத்து, பஸ்ஸில் மடியிலேயே வச்சு வெள்ளகோவில் கொண்டுவந்து சேர்த்தேன்.

அம்மா பார்த்துட்டு, "என்ன சாமி இது, பூவுக்கடியில சுருக்குப்பையாட்டத் தொங்குது? வெத்தலை பாக்கு போட்டு வச்சுக்கலாமாட்ட இருக்குதே" என்று சிரித்தார். ஆங்கிலத்தில் சீமாட்டியின் செருப்பு என்கிறார்கள். அம்மா சொன்ன சுருக்குப்பைதான் எனக்குப் பொருத்தமாகப் பட்டது.

செம்மண்ணும் எருவும் கலந்து தொட்டியில் வச்சேன். காலையும் மாலையும் போர் தண்ணி ஊத்தினேன். பங்குனி பாதியில் இலை நுனி கருகியது. சித்திரை பிறந்தப்போ நடுக்குருத்தைத் தொட்டால் கையோடு வந்தது. எடுத்துப் பார்த்தால் வேர் எல்லாம் கூழ்.

அது செத்ததுக்குக் காரணம் ரெண்டு. ஒண்ணு, எனக்கு வளர்க்கத் தெரியலை. இன்னொண்ணு அதைவிடப் பெருசு: அந்தச் செடி என் கைக்கு வந்ததே தப்பு. இந்த ரெண்டாவது காரணத்தைத் தேடிப் படிச்சப்போ கிடைச்ச குறிப்புகளைத்தான் இங்கே கோர்த்து எழுதுகிறேன். வளர்ப்பு முறை கேட்டு வந்தவர்கள் கொஞ்சம் பொறுங்க. கடைசியில் அதுவும் இருக்கு. ஆனா கதை தெரியாமல் வளர்ப்பு முறையைப் படிச்சால் பாதிதான் புரியும்.

முதலில் பேர். 1753-ல் லின்னேயஸ், ஐரோப்பாவில் விளையும் இந்த மாதிரிப் பூவுக்கு சிப்ரிபீடியம் என்று பேர் வச்சார். சைப்ரஸ் தீவில் பிறந்ததாகச் சொல்லப்படும் கிரேக்கக் காதல் தெய்வத்தின் செருப்பு என்று பொருள். ஆசியாவின் வெப்ப நாடுகளில் இருந்து வந்த செருப்புப் பூக்களையும் முதலில் அதிலேயே சேர்த்தார்கள். 1886-ல் ஜெர்மன் தாவரவியலாளர் ஃபிட்சர் அவற்றைத் தனியாகப் பிரித்து பாபியோபெடிலம் என்றார். பாபோஸ் என்பது அதே தெய்வத்தின் கோயில் இருந்த ஊர். ஆக பேரு மாறினாலும் செருப்பு அதே அம்மணியுடையதுதான்.

அந்தப் பை அழகுக்கு இல்லைங்க. பூவால் ஏமாந்து வரும் பூச்சி வழுக்கி அதுக்குள்ளே விழும். உள்சுவரில் கால் நிக்காது. பின்பக்கம் மட்டும் ரோமம் இருக்கும், அதைப் பிடிச்சு ஏறினால் ரெண்டு குறுகலான சந்து. அந்தச் சந்து வழியா நெருக்கிக்கிட்டு வெளியேறும்போது, முதலில் சூல்முடியில் முதுகு உரசும், அப்புறம் மகரந்தம் முதுகில் ஒட்டும். தேன் ஒரு சொட்டுகூடக் கிடையாது. வந்த பூச்சிக்கு மிச்சம் முதுகுச்சுமைதான்.

இப்போ நம்ம மலைக்கு வருவோம். இந்தியாவில் உள்ள பாபியோபெடிலம் இனங்களில் ஒண்ணே ஒண்ணைத் தவிர மற்றதெல்லாம் கிழக்கு இமயமலையிலும் வடகிழக்கு மலைகளிலும் இருக்கின்றன. அந்த ஒண்ணு, மற்ற சொந்தபந்தங்களை விட்டு இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில், அகத்தியர் மலைப் பகுதியில் மட்டும் இருக்கிறது. வேறு எங்கேயும் கிடையாது. பேர் பாபியோபெடிலம் ட்ரூரியி. பச்சை கலந்த மஞ்சள் பூ. மேலிதழிலும் பக்க இதழ்களிலும் நடுவே கரும்பழுப்பில் ஒரு கோடு, தூரிகையால் ஒரே இழுப்பில் இழுத்த மாதிரி. பை தேன் நிறம். ஒரு தண்டுக்கு ஒரு பூ. ஸ்லிப்பர் ஆர்க்கிட் என்றால் அடர்காட்டு நிழல் என்று நினைப்போம். இதுவோ 1400 மீட்டருக்கு மேலே, புல் சரிவுகளில், வெளிச்சமும் காற்றும் அடிக்கிற இடத்தில் நிற்கும். கிழங்குத்தண்டு நீளமாக ஊர்ந்து போகும். தொட்டிக்குள் அடங்காத செடி.

அகத்தியர் மலை 1868 மீட்டர். நமக்கு அது தமிழ் முனிவர் இருக்கும் இடம், காணி மக்களுக்கு வாழும் இடம். 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்களுக்கு அது அளந்து பார்க்கும் இடம். திருவிதாங்கூர் மகாராஜாவின் வானாய்வுக் கூடத்துக்குப் பொறுப்பாக இருந்த ஜான் ஆலன் பிரவுன், 1855-ல் அந்த உச்சியிலேயே ஒரு ஆய்வுக் கூடம் கட்டினார். காந்தமானியும் காற்றழுத்தமானியும் அந்த மலை உச்சிக்குச் சுமந்து போகப்பட்டன. இன்னைக்கும் அனுமதிச் சீட்டு வாங்கி நடந்து போறவங்க மூச்சு வாங்குற மலை அது.

அந்தக் காலத்தில்தான், 1865-ல், களக்காடு மலையில் இந்த மஞ்சள் செருப்பு தாவரவியல் உலகத்தின் கண்ணில் பட்டது. கர்னல் ஹீபர் ட்ரூரி கண்டெடுத்தது என்பது பதிவு. இந்தியாவின் பயன்தரும் தாவரங்களைப் பற்றி 1858-ல் சென்னையில் புத்தகம் போட்ட அதே ட்ரூரி. அதை முறையாக விவரித்து, படம் வரைந்து, ட்ரூரியின் பேரைச் சூட்டியவர் ரிச்சர்ட் ஹென்றி பெட்டோம். 1874-ல் வந்த அவருடைய தாவரப் படத்தொகுதியில் அது இருக்கிறது.

பெட்டோம் பற்றித் தனியாக எழுத வேண்டும். 1860-லிருந்து 1882 வரை சென்னை மாகாணக் காடுகளுக்குத் தலைவர். பட்டாளத்து ஆள். பாம்பு, தவளை, பெரணி, மரம் என்று தென்னிந்திய மலைகளில் அவர் எழுதி வைக்காத உயிர் குறைவு. மலைகளைப் பற்றி அவருக்கு இருந்த அறிவை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு அபூர்வச் செடிக்குப் பேரும் ஊரும் அச்சில் வந்தால் அடுத்து என்ன நடக்கும் என்பது அந்தக் காலத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். 1870-கள் முடிவதற்குள் ட்ரூரியி இங்கிலாந்துக் கண்ணாடி வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

கண்ணாடி வீடு என்றால் என்ன என்று இங்கே கொஞ்சம் சொல்லணும். 1816-ல் கல்கத்தா தாவரவியல் தோட்டத்திலிருந்து நத்தானியேல் வாலிச் சில்ஹெட் பக்கத்து ஸ்லிப்பர் ஆர்க்கிட் ஒன்றை இங்கிலாந்துக்கு அனுப்பினார். ஐரோப்பாவில் முதலில் வளர்க்கப்பட்ட பாபியோபெடிலம் அதுதான், வெனுஸ்டம். அப்போது அங்கே ஆர்க்கிட் வளர்க்கும் அறைக்கே அடுப்பு என்றுதான் பேர். வெப்ப நாட்டுச் செடி என்றால் கொதிக்கிற சேற்றுக்காட்டில் இருந்து வந்திருக்கும் என்று நம்பி, நிலக்கரி எரித்து, ஜன்னலை எல்லாம் அடைத்து, ஆவியில் வேக வைத்தார்கள். இட்லிப் பானை மாதிரி. மலையில் குளிர் காற்றில் நின்ற செடிகள் அதில் என்ன ஆகும்? ஆயிரக்கணக்கில் செத்தன. சாட்ஸ்வொர்த்தில் ஜோசப் பாக்ஸ்டன் போன்ற தோட்டக்காரர்கள், எந்தச் செடி எந்த உயரத்தில் இருந்து வந்தது என்று கேட்டு, அதுக்கேத்த மாதிரி வெவ்வேறு வெப்பநிலையில் வெவ்வேறு அறை வைக்க ஆரம்பித்த பிறகுதான் சாவு குறைந்தது.

சாவு குறைந்தால் வாங்குவது குறைந்ததா என்றால், இல்லை. கூடியது. 1850-ல் காசி மலையில் ஜோசப் ஹூக்கர் நீல வாண்டா ஆர்க்கிட்டை ஏழு ஆள் சுமை அளவுக்குச் சேகரித்தார். லண்டன் கியூ தோட்டத்துக்காக. வழியிலேயே பெரும்பாலும் செத்துப்போனது. இடத்தைக் காட்டுவதற்காக அவரோடு ஒரு தோட்டக்காரர் அனுப்பப்பட்டிருந்தார். அவர் மூலம் ஒரே ஒரு ஆள் சுமை இங்கிலாந்துக்குப் போய், மோசமான நிலையில் இறங்கியும், 300 பவுண்டுக்கு விற்றது. ஹூக்கரே இதைத் தன் பயண நூலில் எழுதியிருக்கிறார். ஒளிவு மறைவு இல்லை, வெட்கமும் இல்லை.

இன்னொரு கதை ஸ்லிப்பர் ஆர்க்கிட்டுடையதே. ஃபேரியானம் என்று ஒரு இனம். 1857-ல் இங்கிலாந்தில் பூத்தது, எல்லாரும் மயங்கினார்கள், வளர்த்த செடிகள் ஒவ்வொன்றாக மெலிந்துபோயின. எங்கிருந்து வந்தது என்றும் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் அது 'தொலைந்த ஆர்க்கிட்'. சாண்டர் என்ற ஆர்க்கிட் வியாபாரி, கண்டுபிடிப்பவருக்கு 1000 பவுண்டு பரிசு என்று அறிவித்தார். 1905-ல் பூட்டான் பக்கம் மறுபடி கண்டுபிடித்தார்கள். அப்புறம் என்ன, ஏராளமாகத் தோண்டி அனுப்பினார்கள், விலை சரிந்தது.

ஏன் இப்படிக் காட்டையே நம்பி இருந்தார்கள், விதை போட்டு வளர்த்திருக்கலாமே என்று தோணும். எனக்கும் தோணிச்சு. இந்த வரலாற்றின் முடிச்சே அங்கேதான் இருக்கு.

ஆர்க்கிட் விதை தூசி. ஒரு காய்க்குள் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஆனால் நெல்லுக்குள் அரிசி இருக்கிற மாதிரி, முளைக்கும் கருவுக்குச் சாப்பாடு அதுக்குள்ளே கிடையாது. எக்ஸெட்டர் நகரத்து மருத்துவர் ஜான் ஹாரிஸ் சொல்லிக் கொடுத்து, வெய்ச் நர்சரியின் ஜான் டோமினி என்ற தோட்டக்காரர் ஆர்க்கிட்டுகளைக் கையால் மகரந்தம் வைத்துக் கலக்க ஆரம்பித்தார். 1856-ல் முதல் கலப்பின ஆர்க்கிட் பூத்தது. 1869-ல் முதல் கலப்பின ஸ்லிப்பர் ஆர்க்கிட். அதுக்கு அந்த டாக்டர் நினைவாக ஹாரிசியானம் என்று பேர். ஆனால் விதையை எப்படி முளைக்க வைப்பது என்று அவர்களுக்கே தெரியாது. தாய்ச்செடித் தொட்டியில் தூவி விடுவார்கள். சிலது முளைக்கும், பெரும்பாலும் முளைக்காது. ஏன் என்று 1899 வரை யாருக்கும் தெரியவில்லை. அந்த வருஷம் பிரான்சில் நோயேல் பெர்னார், முளைக்கிற ஆர்க்கிட் விதைக்குள் ஒரு பூஞ்சை குடியிருப்பதைக் கண்டார். பூஞ்சைதான் அதுக்குப் பால் கொடுக்கும் தாய். தாய்ச்செடித் தொட்டியில் அந்தப் பூஞ்சை இருந்ததால்தான் அங்கே மட்டும் சிலது முளைத்திருக்கிறது. 1922-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் நுட்சன், பூஞ்சையே இல்லாமல், சர்க்கரையும் உப்புச்சத்தும் கலந்த அகர் கூழில் விதையை முளைக்க வைத்துக் காட்டினார். இன்றைக்குக் கண்ணாடிக் குடுவையில் நாற்று வளர்க்கும் தொழில் முழுக்க அங்கிருந்து வந்தது.

1816, 1922. நடுவில் நூறு வருஷத்துக்கு மேல். அந்த நூறு வருஷமும் விற்கத் தெரிந்தது, பெருக்கத் தெரியவில்லை. ட்ரூரியி அந்த இடைவெளிக்குள்தான் மாட்டியது.

அடுத்த திருப்பம் 1960. பிரான்சில் ஜார்ஜ் மொரெல், ஆர்க்கிட்டின் குருத்து நுனியில் இருந்து ஒரு துளி திசுவை எடுத்து, அதிலிருந்தே அச்சு அசலான ஆயிரம் செடி எடுக்கலாம் என்று வழி காட்டினார். கடைகளில் இப்போ தொட்டியோடு விற்கும் ஃபேலனாப்சிஸ் விலை இறங்கியது இப்படித்தான். திருப்பூரில் ஒரு டிசைனை லட்சம் பீஸ் அடிக்கிற மாதிரி அடிக்கலாம். ஆனால் ஸ்லிப்பர் ஆர்க்கிட் மட்டும் இதுக்குச் சரியாக மசியவில்லை. இன்றைக்கும் அது பெரும்பாலும் ரெண்டே வழியில்தான் பெருகுகிறது: ஒண்ணு விதை, இன்னொண்ணு தூரைப் பிரிப்பது. விதை போட்டுப் பூ பார்க்க நாலஞ்சு வருஷம், சிலதுக்கு இன்னும் கூட ஆகும். வரும் ஒவ்வொரு நாற்றும் வேற வேற மாதிரி இருக்கும்.

இதைப் படிச்ச ராத்திரிதான் எனக்கு அந்த முந்நூற்றைம்பது ரூபாய் உறைத்தது. நான் வாங்கியது நாலு தூர் கட்டின முழுச் செடி. ஆய்வகத்தில் முளைக்க வச்சு, அஞ்சாறு வருஷம் தண்ணி ஊத்தி, வாடகை கொடுத்து வளர்த்த எவரும் அந்த விலைக்குத் தர முடியாது. தொட்டி மண் ஒரு துளி ஒட்டாத வேர், அறுபட்ட நுனி, இலையில் பூச்சி கடிச்ச தழும்பு, அடியில் காட்டுப் பாசி. எல்லாம் என் கண் முன்னாடி இருந்தது. "காட்டுல இருந்து வந்தது" என்று அவரே வாயாலும் சொன்னார். நான்தான் அதைப் பெருமையாக எடுத்துக்கிட்டேன்.

மறுபடி அகத்தியர் மலை. விக்டோரியா காலத்து அறுவடைக்குப் பிறகு ட்ரூரியி காட்டில் பார்வைக்கே வராமல் போனது. வெளிநாட்டுத் தொட்டிகளில் இருந்தது, சொந்த மலையில் இருக்கா இல்லையா என்று தெரியாத நிலை. 1972-ல்தான் மறுபடி கண்டுபிடித்தார்கள். அதே 1972-ல்தான் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. நல்ல பொருத்தம் என்று நினைப்பீர்கள். ஆனால் அந்தச் சட்டத்தில் அப்போது செடிகளுக்கு இடமே கிடையாது. புலி, யானை, மான் உண்டு, செடி இல்லை. கண்டுபிடித்த செய்தி வெளியே போனதும் மறுபடி தோண்டல். கூடவே புல்மேட்டுத் தீ வேற.

செடிகளுக்காகத் தனி அத்தியாயம் சட்டத்தில் சேர்ந்தது 1991 திருத்தத்தில். பத்தொன்பது வருஷம் கழிச்சு. அந்தப் பட்டியலில் இருந்தவை மொத்தம் ஆறு: பெட்டோம் பேரைத் தாங்கிய ஒரு சைகஸ், ஹூக்கர் சுமை சுமையாக எடுத்த அதே நீல வாண்டா, கோஷ்டம், காசி மலைக் குடுவைச் செடி, சிவப்பு வாண்டா, அப்புறம் பாபியோபெடிலம் பேரினம் முழுவதும். 2022 திருத்தத்துக்குப் பிறகு இந்தப் பட்டியல் மூன்றாம் அட்டவணையாக இருக்கிறது. உலக அளவிலும் 1990 முதல், காட்டு உயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை பாபியோபெடிலம் முழுவதையும் முதல் பட்டியலில் வைத்திருக்கிறது. கிருமி நீக்கின குடுவைக்குள் ஆய்வகத்தில் வளர்ந்த நாற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. நுட்சனின் குடுவைதான் சட்டத்துக்குள்ளும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

இந்தியச் சட்டம் சொல்வதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், வளர்க்க நினைக்கிறவர்கள் கவனிக்கணும். பட்டியலில் உள்ள செடியைக் காட்டில் இருந்து பறிக்கவோ தோண்டவோ கூடாது. உரிமம் இல்லாமல் பயிரிடக் கூடாது, விற்கக் கூடாது. உரிமம் உள்ள வியாபாரியிடம் தவிர வேறு யாரிடமும் வாங்கவும் கூடாது. கடைசி வாசகம் வாங்குறவனுக்கு, அதாவது எனக்கு. ரோட்டோரத்தில் நான் செய்தது வெறும் ஏமாளித்தனம் இல்லை, சட்டப்படி குற்றம். வித்தவரைத் திட்டி நாலு பேரிடம் சொல்லிக்கிட்டிருந்த நான் அதுக்கப்புறம் அந்தப் பேச்சை நிறுத்திக்கிட்டேன்.

ட்ரூரியி விஷயத்தில் நல்ல செய்தியும் இருக்கு. 1979-ல் திருவனந்தபுரம் மாவட்டம் பாலோட்டில் தொடங்கின வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட ஆராய்ச்சி நிறுவனம், அதன் விதையைக் குடுவையில் முளைக்க வைத்து நாற்று எடுத்து, அகத்தியர் மலையிலேயே திரும்ப நட்டது. காணி மக்களோடு சேர்ந்து ஆரோக்கியப்பச்சை மூலிகையில் வேலை செய்து, வருமானத்தில் அவர்களுக்குப் பங்கு கொடுத்ததாகப் பேசப்படுகிற அதே நிறுவனம். தமிழ்நாட்டுப் பக்கம் களக்காடு, முண்டந்துறை காடுகள் 1988-ல் புலிகள் காப்பகமாகச் சேர்க்கப்பட்டன. இருந்தாலும் ட்ரூரியி இன்னும் அழிவின் விளிம்பில் உள்ள இனம்தான். எனவே தமிழ் மலையின் செடி ஆச்சே, வீட்டில் ஒண்ணு வைக்கலாமே என்ற ஆசையைத் தயவுசெய்து விட்டுடுங்க. ஆயிரத்து நானூறு மீட்டர் குளிரில் ஊர்கிற செடி எங்க ஊர் சித்திரையில் நிக்கவும் நிக்காது.

அப்போ எதைத்தான் வைப்பது?

இங்கேதான் எனக்குப் பிடிச்ச ஒரு இணைப்பு. ஸ்லிப்பர் ஆர்க்கிட்டில் இலை முழுப் பச்சையாக இருப்பவை பொதுவாகக் குளிர் கேட்கும், குளிர்ந்த ராத்திரி இல்லாவிட்டால் பூக்காது. இலையில் வெளிர்பச்சையும் கரும்பச்சையும் பாம்புத்தோல் மாதிரிப் படர்ந்திருப்பவை வெக்கையைத் தாங்கும். இந்த ரெண்டாவது வகையில் உலகம் முழுக்கப் புதியவர்களுக்குக் கொடுக்கப்படும் கலப்பினம் மாடியே. தாய்லாந்துப் பக்கத்து காலோசம், போர்னியோவின் லாரன்சியானம் ரெண்டையும் கலந்து, 1900-ல் பதிவானது. பதிவு செய்தவர் சார்ல்ஸ்வொர்த். அவருடைய நர்சரி அப்போது இருந்த ஊர் பிராட்ஃபோர்டு, இங்கிலாந்தின் கம்பளித் துணி நகரம். பக்கத்து மான்செஸ்டரில் 1897-லேயே வட இங்கிலாந்து ஆர்க்கிட் சங்கம் தொடங்கியாச்சு. பஞ்சிலும் கம்பளியிலும் சம்பாதித்த காசு ஆர்க்கிட்டில் இறங்கிய காலம். நம்ம பக்கத்தில் நிட்டிங் காசு தென்னந்தோப்பில் இறங்கின மாதிரி.

இன்னொரு ஒற்றுமை, ஈரம். பருத்தி நூல் காற்றில் ஈரம் இருந்தால்தான் அறுபடாமல் ஓடும். லங்காஷயர் தறிக்கூடங்களில் ஆவியை உள்ளே விட்டு விட்டு, தொழிலாளர் உடம்பு கெட்டு, 1889-ல் அதைக் கட்டுப்படுத்தவே சட்டம் போட வேண்டியதாச்சு. நம்ம ஸ்பின்னிங் மில்களிலும் ஈரப்பதம் பார்க்க உலர்குமிழ், ஈரக்குமிழ் வெப்பமானி தொங்கும். மில்லில் வேலை பார்க்கும் என் மச்சான், "மாப்ள, பூச்செடிக்கெல்லாமா இதைப் பார்ப்பாங்க" என்று கேட்டுக்கிட்டே பழசு ஒண்ணு கொண்டுவந்து கொடுத்தார். என் வீட்டு வடக்குத் திண்ணையில் சித்திரை மதியம் அது காட்டுற கணக்கைப் பார்த்தால் நூலே அறுந்துபோகும், ஆர்க்கிட் எங்கே நிற்பது.

அதுக்கு வழி லண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்டு ஏற்கனவே காட்டிக் கொடுத்தது. 1829-ல் மூடி வச்ச ஒரு பாட்டிலுக்குள் பெரணி தானாக முளைத்து நிற்பதைப் பார்த்து, கண்ணாடிப் பெட்டிக்குள் செடி வைத்தால் புகையும் வறட்சியும் தாக்காது என்று கண்டார். கப்பலில் செடிகள் உயிரோடு போனதே அந்தப் பெட்டியால்தான். காடுகள் காலியானதிலும் அந்தப் பெட்டிக்குப் பங்கு உண்டு. நான் பழைய மீன் தொட்டி ஒன்றை எடுத்து, அடியில் கூழாங்கல்லும் தண்ணியும் ஊத்தி, கல்லுக்கு மேலே தொட்டியை வச்சேன். தொட்டியின் அடி தண்ணியைத் தொடக்கூடாது. மேலே மூடவில்லை, காற்று ஓடணும். சாட்ஸ்வொர்த்காரர்கள் கத்துக்கிட்ட பாடம் அது.

மண் வேண்டவே வேண்டாம். என் முதல் செடியைக் கொன்றதில் பாதிப் பங்கு செம்மண்ணுக்கு. இந்தச் செடிக்கு மற்ற ஆர்க்கிட் மாதிரி தண்ணி சேமிக்கிற தடித்த தண்டு கிடையாது. அதனால் முழுக்கக் காயவும் விடக்கூடாது, ஊறிக்கிட்டே இருக்கவும் கூடாது. மரப்பட்டைத் துண்டு, கரித்துண்டு போதும். எங்க பக்கம் காங்கேயம் வரைக்கும் தேங்காய்க் களமாக இருப்பதால் மட்டைத் துண்டு சும்மாவே கிடைக்கும். ஆனால் மட்டையில் உப்பு இருக்கும், மூணு நாலு தடவை ஊற வச்சு, தண்ணியைக் கொட்டிட்டுத்தான் போடணும். ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மக்கினதைத் தட்டிட்டுப் புதுசு மாத்தணும். தொட்டி சின்னதாக இருக்கட்டும், பெரிய தொட்டி வேரை அழுக வைக்கும்.

தண்ணிதான் வெள்ளகோவிலில் பெரிய வில்லங்கம். போர் தண்ணி பக்கெட்டில் வெள்ளைப் படலம் கட்டுற ஊர். அதை ஊத்தினால் வேர் நுனி கருகும், இலை நுனியில் பழுப்பு ஏறும். மழைத் தண்ணி பிடிச்சு வச்சால் உத்தமம், இல்லைன்னா ஆர்ஓ தண்ணி. காலையில் மட்டும் ஊத்தணும். இலைக்கவட்டில் தண்ணி தங்கி ராத்திரி நின்றால் குருத்து அழுகும். நேர் வெயில் ஆகாது, பச்சை வலைக்கடியிலோ வடக்கு ஜன்னலிலோ இருக்கட்டும். உரம் கால் பங்கு போதும். அவசரப்படுறவங்களுக்கு இந்தச் செடி ஒத்துவராது.

பூக்கிற கணக்கை நம்ம ஆட்களுக்குச் சொல்வது சுலபம். வாழை மாதிரி. ஒரு தூர் ஒரு தடவைதான் பூக்கும். பூத்து முடிச்சதும் பக்கத்தில் கன்று விடும், அடுத்த பூ அந்தக் கன்று வளர்ந்த பிறகு அதில்தான். பூத்த தூரை உடனே வெட்டக்கூடாது, கன்றுக்கு அது சோறு போட்டுக்கிட்டிருக்கும்.

ரெண்டாவது செடியை வாங்கப் போன வருஷம்தான் போனேன். முதலில் வன அலுவலகத்தில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன், அந்த வேலை முடிய நாலு மாசம் ஆச்சு. அப்புறம்தான் உரிமம் உள்ள ஒரு நர்சரியில் மாடியே வகைச் செடி, ஒரே ஒரு தூர், உள்ளங்கை அகலம். விலை முதல் செடியைப் போல நாலு மடங்கு. அவர் பில்லில் உரிம எண்ணைப் போட்டு, குடுவையில் இருந்து எடுத்த வருஷத்தையும் எழுதிக் கொடுத்தார். கேட்டேன்: ஆறு வருஷத்துக்கு முன்னாடி.

தை மாசம் ஒரு பூ விட்டது, வெள்ளையில் பச்சைக் கோடு. நாற்பது நாளுக்கு மேல் நின்றது. அம்மா தினமும் காலையில் காபி டம்ளரோடு வந்து மீன் தொட்டிக்குள் எட்டிப் பார்த்து, "சுருக்குப்பை இன்னும் இருக்குதா சாமி" என்று கேட்பார். இப்போ பூ இல்லை. பக்கத்தில் கன்று ஒண்ணு மூணு இலை விட்டிருக்கு.